ஒரே முகத்தில் எத்தனை அப்பாக்கள்

நடிகர் டேனியல் டே-லூயிஸ் பிறந்தது 1957இல். நான் இங்கே பேசப்போகும் நடிகர் பீட் போஸ்ட்லத்வெய்ட் பிறந்தது 1946இல். பதினோரு வயதுதான் வித்தியாசம். அண்ணன் தம்பி என்றால் பொருந்தும். ஆனால் 1993இல் வந்த ‘இன் த நேம் ஆஃப் த ஃபாதர்’ படத்தில் பீட் டே-லூயிஸுக்கு அப்பா. படம் பார்த்தவர்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். நானும் போடவில்லை. பல வருடம் கழித்து வேறு எதையோ தேடும்போது இரண்டு பிறந்த தேதிகளும் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டன. நம்ப முடியாமல் மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தேன், எங்கே ஏமாந்தேன் என்று கண்டுபிடிக்க.

வயதை பீட் மூச்சில் வைத்திருக்கிறார். அவர் நடிக்கும் அப்பா ஜுசெப்பே கான்லன் நுரையீரல் நோயாளி. நாலு வார்த்தை பேசினால் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த மூச்சுக்கு ஏற்றபடி உடம்பு முழுவதும் நிதானமாகிவிடுகிறது: உட்காருவது, எழுந்திருப்பது, மகன் கத்தும்போது தலையைத் திருப்புவது, எல்லாமே. அந்தப் பக்கம் டே-லூயிஸ் சிறைக்குள் புகுந்த புயல் மாதிரி சுவரில் மோதிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் இவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு வேகங்களுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி தானாக உண்டாகிவிடுகிறது.

உண்மைக் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 அக்டோபரில் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் மதுக்கடைகளில் குண்டு வெடித்தது. ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டு. போலீஸ் பிடித்தது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரனான ஜெர்ரி கான்லனையும் இன்னும் மூன்று பேரையும். மகனுக்கு வக்கீல் வைக்கலாம் என்று கப்பல் ஏறி லண்டன் வந்த அப்பா ஜுசெப்பேயையும் உறவினர் வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். வெடிமருந்து கையாண்டதாகக் குற்றச்சாட்டு, 12 ஆண்டுத் தண்டனை. 1980 ஜனவரியில் அவர் கைதியாகவே இறந்துபோனார். மகன் உட்பட நால்வரும் 1989 அக்டோபரில்தான் விடுதலை ஆனார்கள். அப்பா மீதான தீர்ப்பு ரத்தானது 1991இல்.

படத்தில் அப்பாவும் மகனும் ஒரே அறையில் அடைபட்டிருப்பார்கள். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. இயக்குநர் ஜிம் ஷெரிடன் இதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு தனித்தனி வழக்குகளை ஒன்றாக்கியதற்கும் சேர்த்து. வரலாறு என்று பார்த்தால் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பொய் மட்டும் இல்லாவிட்டால் பீட்டுக்கு இந்தப் படத்தில் வேலையே இருந்திருக்காது. முதன்முதலாக ஒரே அறையில் பூட்டப்பட்டதும் மகன் பழைய கணக்குகளை எல்லாம் அவிழ்த்துக் கொட்டுவான். நான் தப்பு பண்ணும்போது மட்டும் பின்னாலேயே வருகிறாயே, சரியாகச் செய்யும்போது ஏன் வரவில்லை என்று கேட்பான். அப்பாவிடம் பதில் இல்லை. கேமரா பீட்டின் முகத்துக்குப் போகும்போது அந்த முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்ப்போம், அல்லது கண்ணீர். இரண்டும் வராது. கூச்சம்தான் வரும். நாலு பேர் முன்னால் பையனிடம் திட்டு வாங்கிய அப்பாவின் கூச்சம், நாலு பேர் இல்லாத இடத்தில்.

அந்த வேடத்துக்கு ஆஸ்கர் துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது. விருது ‘த ஃபியூஜிட்டிவ்’ படத்துக்காக டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. படத்துக்கே ஏழு பரிந்துரைகள், கையில் ஒன்றும் வரவில்லை.

பீட்டின் ஊர் வாரிங்டன். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில் இருக்கும் தொழில் நகரம். உழைப்பாளிக் கத்தோலிக்கக் குடும்பம். பையன் பாதிரியார் ஆகப்போகிறான் என்று செமினரியில் சேர்ந்து, அது ஒத்துவராமல் வெளியே வந்து, கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்து, அப்புறம்தான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளிக்குப் போயிருக்கிறார். இருபது தாண்டிய பிறகு நடிப்புக்கு வந்தவர். பெயரை மாற்றிக்கொள் என்று ஆரம்பத்திலேயே அறிவுரை சொன்னார்களாம். இவ்வளவு நீளப் பெயரை நாடக அரங்க வாசலில் விளக்குப் போட்டு எழுதினால் மின்சாரக் கட்டணம் கட்ட முடியாது என்று. பெயரை அவர் மாற்றவில்லை.

1970களின் லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவருடைய நடிப்பின் அடி அங்கேதான் இருக்கிறது. ஒரே குழுவில் ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜோனதன் பிரைஸ், ஆன்டனி ஷெர். எழுதிக்கொடுத்தவர்களில் வில்லி ரஸ்ஸல், ஆலன் பிளீஸ்டேல். பின்னாளில் பிரிட்டிஷ் சினிமாவையும் தொலைக்காட்சியையும் பாதி நிரப்பிய ஆட்கள். லண்டன் பெரிய மனிதர்களுக்காக அல்லாமல் அந்த ஊர் மக்களுக்காக நாடகம் போட்ட இடம். பார்வையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். சரியாக இல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் பழகியவருக்கு, கேமரா ஓர் அடி தூரத்துக்கு வந்தாலும் பதற வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

சினிமாவில் முதலில் கிடைத்தவை எல்லாம் துண்டு துக்காணி வேடங்கள். ரிட்லி ஸ்காட்டின் முதல் படமான ‘த டியூலிஸ்ட்ஸ்’ (1977) படத்தில் ஒரு ஜெனரலுக்குச் சவரம் செய்துவிடும் ஆளாக வருவார். கண் சிமிட்டினால் போய்விடும். அடுத்த பத்து வருடம் பெரும்பாலும் மேடையும் தொலைக்காட்சியும்தான். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் டெரன்ஸ் டேவிஸின் ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ (1988) வந்தது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதற்காகவே இந்தப் பதிவை ஆரம்பித்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. 1940, 50களின் லிவர்பூல். டேவிஸ் தன் சொந்தக் குடும்பத்தைப் படமாக்கினார். அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அந்த வீட்டில் நடந்ததை அக்காக்களும் அண்ணன்களும் அம்மாவும் சொன்னதிலிருந்தும் தன் நினைவிலிருந்தும் கட்டி எழுப்பிய படம். வரிசையாகக் கதை ஓடாது. பாட்டு, புகைப்படம், அடி, மறுபடி பாட்டு. குடும்பத்தோடு சேர்ந்து பழைய ஆல்பம் புரட்டும்போது ஒரு படத்தில் எல்லோரும் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள் இல்லையா, அந்த அமைதி படம் முழுக்க இருக்கும்.

பீட் அந்த அப்பா. மனைவியை அடிக்கிறார். வழிபாட்டுக்குரிய வேகத்தில் மெதுவாக நகரும் கேமரா, பின்னணியில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் இனிமையான காதல் பாட்டு, முன்னால் அடி. நிலவறையில் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மகள் நடனத்துக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள். துடைப்பக் கட்டையால் பதில். குண்டு வீச்சின்போது பிள்ளைகள் பதுங்குமிடத்துக்குத் தாமதமாக வந்து சேர்கிறார்கள். வந்து நின்ற மகளை அறைகிறார். அறைந்த கையோடு, பாடு என்கிறார். அவள் பாடுகிறாள், மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

இந்த ஆள் ஒரு அரக்கன் என்று நாம் முடிவு கட்டும் நேரத்தில் கிறிஸ்துமஸ் வருகிறது. அவர் மரத்தை அலங்கரிக்கிறார், தூங்கும் குழந்தைகளைக் கதவருகே நின்று பார்க்கிறார். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த காட்சியில் அதே கிறிஸ்துமஸ். குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒரு காரணமும் இல்லை. மேசை விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. சாப்பாடெல்லாம் தரையில். சுத்தம் பண்ணு என்று மனைவிக்கு ஒரு சத்தம்.

பல நடிகர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் இணைக்க ஏதாவது பண்ணியிருப்பார்கள். கண்ணில் ஒரு வலி, உதட்டில் ஒரு நடுக்கம், இவரும் ஒரு காலத்தில் பாதிக்கப்பட்டவர்தான் என்று ஒரு குறிப்பு. பீட் எதையும் கொடுக்கவில்லை. அன்பும் அவருடையது, வெறியும் அவருடையது, நடுவில் பாலம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பாலம் கிடைத்ததில்லை. அவர் தொழுவத்தில் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிட்டுக்கொண்டே ஐரிஷ் பாட்டு ஒன்று பாடுவார். பிள்ளைகள் மேலே பரணிலிருந்து சத்தமில்லாமல் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் காட்சி எனக்கு அடி விழும் காட்சிகளைவிடக் கஷ்டமாக இருக்கிறது. மனிதர் குதிரையிடம் அவ்வளவு மென்மையாக இருக்கிறார்.

படத்தின் முதல் பாதியிலேயே அப்பா செத்துப்போகிறார். இரண்டு பாதிகளும் இரண்டு வருட இடைவெளியில் எடுக்கப்பட்டவை. இரண்டாம் பாதியில் கல்யாணம், குழந்தைப்பேறு, மதுக்கடைப் பாட்டுகள் என்று வாழ்க்கை ஓடுகிறது. அவர் இல்லாத அந்தப் பாதியிலும் நான் அவர் எப்போது கதவைத் திறந்துகொண்டு வருவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லொகார்னோ திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிறுத்தை வாங்கிய படம்.

ஆக, ஐந்தே வருட இடைவெளியில் ஒரே ஆள், ஒரே எலும்பு துருத்திய முகம்: ஒரு பக்கம் லிவர்பூலின் இந்த அப்பா, இன்னொரு பக்கம் பெல்ஃபாஸ்டின் ஜுசெப்பே. அந்தக் கன்ன எலும்புகளைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. என் அபிப்பிராயத்தில் அது கொஞ்சம் சோம்பேறித்தனம். முகம் இரண்டு படத்திலும் ஒன்றுதான். மாறியது தோள். லிவர்பூல் அப்பாவின் தோள் எப்போதும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஜுசெப்பேயின் தோள் மற்றவர்களுக்கு வழி விட்டு ஒதுங்குகிறது.

நடுவில் ஒரு கொத்து வேடங்கள் இருக்கின்றன, வேகமாகத் தாண்டிவிடலாம். டேவிட் ஃபின்ச்சரின் முதல் படமான ‘ஏலியன் 3’ (1992) படத்தில் மொட்டையடித்த கைதிகளில் ஒருவர். எந்த மொட்டை யாருடையது என்று தெரிவதற்குள் பாதிப் பேர் காலி. அதே வருடம் ‘த லாஸ்ட் ஆஃப் த மோஹிகன்ஸ்’ படத்தில் ஒரு ராணுவ அதிகாரி. அதிலும் டே-லூயிஸ்தான் நாயகன். அடுத்த வருடம் அப்பா-மகன் ஆகப்போகிறோம் என்பதற்கு அதில் ஓர் அறிகுறியும் இல்லை.

‘ஷார்ப்’ தொலைக்காட்சி வரிசையை மட்டும் தாண்டிவிட மனமில்லை. நெப்போலியன் காலத்துப் போர்க் கதை, ஷான் பீன் கதாநாயகன். இவர் சார்ஜென்ட் ஒபடையா ஹேக்ஸ்வில். முகம் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். தொப்பிக்குள் அம்மாவின் படத்தை வைத்துக்கொண்டு அவளோடு பேசிக்கொண்டே இருப்பான். கொலை, கற்பழிப்பு, திருட்டு எதற்கும் அஞ்சாதவன், வாயைத் திறந்தால் வேதத்தில் இப்படித்தான் சொல்லியிருக்கிறது என்பான். அடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாத நடிப்பு. ஜுசெப்பேயாக மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்தவர் ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இந்த ஆட்டத்தையும் ஆடியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். அளவோடு நடிப்பவர் என்று அவருக்கு நான் பட்டம் கொடுக்கப் போகும்போதெல்லாம் ஹேக்ஸ்வில் வந்து குறுக்கே நிற்கிறான்.

1995இல் ‘த யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’. உலகம் முழுக்க அவரைத் தெரியவைத்த படம் இதுவாகத்தான் இருக்கும். வக்கீல் கோபயாஷி. பெயர் ஜப்பானியப் பெயர், பேச்சில் நம் பக்கத்துத் தெற்காசிய வாடை, ஆள் வாரிங்டன்காரர். இந்த வேடத்தைப் பற்றி நண்பர்களோடு எனக்குத் தீராத தகராறு உண்டு. ஒரு வெள்ளைக்காரர் நம்மைப் போலப் பேச முயல்வதைக் கேட்டால் எனக்குக் காது கூசும். அதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. நண்பர்கள் கதையின் முடிவைச் சுட்டிக்காட்டுவார்கள். (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) கோபயாஷி என்ற பெயரே காபிக் கோப்பையின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருவன் போலீஸிடம் அந்த நேரத்தில் கட்டிவிட்ட கதையில் வரும் ஆள் அவர். அப்படியென்றால் பெயரும் பேச்சும் ஒட்டாமல் இருப்பதுதானே நியாயம் என்பது அவர்கள் கட்சி. வாதம் பலமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். காது கூசுவது நிற்கவில்லை. ஆனால் ஒன்று: அந்தப் படத்தில் எல்லோரும் துப்பாக்கியோடு உறுமிக்கொண்டிருக்க, ஒரு ஃபைலைத் திறந்து ஒவ்வொருவருடைய குடும்பத்தையும் என்ன செய்ய முடியும் என்று பணிவாக எடுத்துச் சொல்கிற இவர்தான் பயமுறுத்துகிறார்.

அப்புறம் ஸ்பீல்பெர்க். 1997இல் இரண்டு படங்கள். ‘த லாஸ்ட் வேர்ல்ட்’ படத்தில் டைனோசர் வேட்டைக்கு வரும் ரோலண்ட் டெம்போ, ‘அமிஸ்டாட்’ படத்தில் அடிமைகளுக்கு எதிராக வாதாடும் அரசு வக்கீல். உலகத்திலேயே சிறந்த நடிகர் இவர்தான் என்ற பொருளில் ஸ்பீல்பெர்க் சொன்னதாக ஒரு வாக்கியம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு பீட் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது: ஸ்பீல்பெர்க் உண்மையில் சொன்னது, ‘பீட்டிடம் என்ன பிரச்சினை என்றால், உலகத்திலேயே சிறந்த நடிகர் தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்’ என்பதாகத்தான் இருக்கும் என்றார்.

‘லாஸ்ட் வேர்ல்ட்’ ரொம்ப நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேட்டைக்காரன் வில்லனாக இருக்க வேண்டிய இடத்தில் பீட் ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவனுக்குச் சம்பளம் வேண்டாம், ஒரே ஒரு ஆண் டி-ரெக்ஸ் வேண்டும். கிடைத்தும் விடுகிறது. அதற்குள் கூடவே வேட்டைக்கு வந்த நண்பன் அஜய் சித்து செத்துவிடுகிறான். (பெயர்தான் அஜய், நடித்தவர் ஹார்வி ஜேசன் என்ற இன்னொரு பிரிட்டிஷ்காரர். காது கூசும் பட்டியலில் இவரும்.) பெரிய வேலை தருகிறேன் என்கிற முதலாளியிடம், மரணத்தின் சகவாசத்தில் இருந்தது போதும் என்று சொல்லிவிட்டு டெம்போ போய்விடுவான். டைனோசர் சான் டியாகோ நகரத்துக்குள் புகுந்து கலாட்டா செய்யும் கடைசிப் பகுதியில் இவர் இல்லை. அதனால்தான் அந்தப் பகுதி அவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பது என் கட்சி.

‘ரோமியோ + ஜூலியட்’ (1996) படத்தின் பாதிரியாரை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: பூப்போட்ட சட்டை, முதுகு நிறையப் பச்சை குத்திய சிலுவை. செமினரியை விட்டு வந்த பையன் முப்பது வருடம் கழித்து அங்கி போட்டது இப்படி.

அதே 1996இல்தான் ‘பிராஸ்ட் ஆஃப்’. யார்க்‌ஷயரின் கிரிம்லி என்ற கற்பனை ஊர். அசல் ஊர் கிரிம்தார்ப். அங்கே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது, சுரங்கத் தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழு இருந்தது. 1992 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது; முப்பதாயிரம் பேருக்கு வேலை போகும் என்று கணக்கு. அறிவிப்பு வந்த சில நாட்களில் கிரிம்தார்ப் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியில் ஜெயித்தது. அடுத்த வருடம் சுரங்கம் மூடப்பட்டது. படத்தில் கேட்கும் இசையை வாசித்ததும் அந்தக் குழுதான்.

பீட்தான் அந்தக் குழுவை நடத்தும் டேனி. நுரையீரல் முழுக்கக் கரித்தூசி. மறுபடியும் மூச்சு. சுரங்கம் போகப்போகிறது, ஆட்கள் கடனில் முங்கிக் கிடக்கிறார்கள், சொந்த மகன் ஃபில் வீட்டுச் சாமான்களைக் கடன்காரர்களிடம் இழந்து, கோமாளி வேடம் போட்டுக் குழந்தைகளைச் சிரிக்கவைத்துக் காசு பார்க்கிறான். டேனிக்கு இது எதுவும் கண்ணில் படாது. இசைதான் முக்கியம் என்பார். மகனின் பழைய டிராம்போன்தான் அவருக்குக் கவலை. அப்பாவைப் பார்த்தால் கோபம்தான் வர வேண்டும். வராது. ஏனென்றால் பீட் அவரைப் பிடிவாதக்காரராகக் காட்டாமல், ஒரு பக்கம் மட்டுமே காது கேட்கிற ஆளாகக் காட்டுகிறார். வாத்தியம் பிசகினால் தெரியும், மகன் பிசகினால் தெரியாது. ஃபில் கோமாளி உடையிலேயே தூக்கு மாட்டிக்கொள்ள முயன்ற பிறகுதான் அந்த இன்னொரு காது திறக்கிறது.

மருத்துவமனையில் டேனி படுத்திருக்க, குழு இரவில் வெளியே வந்து, சுரங்கத் தலைவிளக்குகளைப் போட்டுக்கொண்டு ‘டேனி பாய்’ வாசிக்கும். இது அழவைப்பதற்காகவே வைத்த காட்சி. தெரிந்தும் அழுதேன்.

கடைசியில் ஆல்பர்ட் ஹால். ஜெயித்துவிடுகிறார்கள். டேனி மேடையேறிக் கோப்பையை வாங்க மறுக்கிறார். இந்தக் கோப்பைதான் உலகத்திலேயே முக்கியம் என்று நினைத்தேன், இசை முக்கியம் என்று நினைத்தேன், மனிதர்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு மண்ணும் இல்லை என்கிறார். இவர்கள் கடல்நாய்களாகவோ திமிங்கிலங்களாகவோ இருந்திருந்தால் நீங்கள் எல்லாம் பொங்கி எழுந்திருப்பீர்கள், சாதாரண மனிதர்களாகப் போய்விட்டார்கள் என்கிறார். யார்க்‌ஷயர் பேச்சு எனக்கு சப்டைட்டில் இல்லாமல் பாதிதான் புரிந்தது. இந்த இடத்துக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. குரலை உயர்த்தி முழங்க வேண்டிய வசனத்தை, மூச்சு எங்கே விட்டுவிடுமோ என்ற பயத்தோடு துண்டு துண்டாகச் சொல்கிறார். பேசிவிட்டு அவர் போன பிறகு குழுவில் ஒருவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கொள்கை வேறு, கோப்பை வேறு.

அடுத்த வருடம் சம்பாவாம்பா குழுவின் ‘டப்தம்பிங்’ பாட்டு உலகம் முழுக்க ஒலித்தது. விழுந்தாலும் எழுந்திருப்பேன் என்று கத்தும் அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் இசைத்தொகுப்பு வடிவத்தில், பாட்டு தொடங்கும் முன் ஓர் ஆள் தளர்ந்த குரலில் நாலு வாக்கியம் பேசுவார். அது டேனிதான்.

திமிங்கிலங்களைப் பற்றிய அந்த வசனத்துக்கு நிஜ வாழ்க்கையில் ஒரு தொடர்ச்சி உண்டு. 2009இல் ‘த ஏஜ் ஆஃப் ஸ்டூபிட்’ என்ற படம் வந்தது. பாதி ஆவணப்படம், பாதி கற்பனை. 2055ஆம் ஆண்டு, பருவநிலை கெட்டு உலகம் அழிந்துவிட்டது. ஆர்க்டிக் பகுதியில் ஒரு கோபுரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் காப்பகக்காரர் பழைய பதிவுகளைப் பார்த்து, தெரிந்திருந்தும் ஏன் நாம் தப்பிக்கவில்லை என்று கேட்கிறார். பீட்தான் அந்தக் காப்பகக்காரர். அவர் பார்க்கும் பதிவுகளில் இந்தியாவில் மலிவு விலை விமான நிறுவனம் தொடங்கும் ஒரு தொழிலதிபரும் வருவார். படத்தின் வெளியீட்டு விழாவில், கிங்ஸ்நார்த்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால் 2004இல் தனக்குக் கொடுத்த ஓபிஇ என்ற பிரிட்டிஷ் கௌரவப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று எரிசக்தி அமைச்சர் எட் மிலிபாண்டிடம் நேருக்கு நேர் சொன்னார்.

சுரங்கத்தை மூடியதற்காகத் திரையில் அழவைத்தவர், நிலக்கரியே வேண்டாம் என்று மேடையில் மல்லுக்கு நிற்கிறார். முரண்பாடு என்று கிண்டல் செய்ய ஏற்ற இடம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டேனி நிலக்கரியைப் புகழ்ந்து ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அது அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டது. அவர் கேட்டது, ஒரு ஊரை முடிவு கட்டும்போது அந்த ஊர்க்காரர்களை யாராவது கணக்கில் எடுத்தீர்களா என்றுதான். கிங்ஸ்நார்த் திட்டம் கடைசியில் நடக்கவில்லை. பட்டமும் அவரிடமே இருந்தது.

மேடையை அவர் விட்டதே இல்லை. 2007இல் மான்செஸ்டர் ராயல் எக்ஸ்சேஞ்ச் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தின் புராஸ்பெரோ. அடுத்த வருடம், லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த ஆண்டு, தன் பழைய எவ்ரிமேனுக்கே திரும்பி வந்து லியர் மன்னன். இயக்கியவர் ரூபர்ட் கூல்ட். கூல்டின் மேடைச் சேட்டைகளை விமர்சகர்கள் திட்டினார்கள். நாடகம் 2009இல் லண்டன் யங் விக்குக்கும் போனது. இதெல்லாம் எனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, படித்ததுதான். புராஸ்பெரோ மகளைக் கடலுக்கு நடுவில் வளர்த்தவர், லியர் மகள்களை வாய்ச்சொல்லால் எடைபோட்டுக் கெட்டவர். அறுபது வயதில் ஒரு நடிகருக்கு இந்த இரண்டு அப்பாக்களும் வருவது வழக்கம்தான். அதற்குள் இவர் எத்தனை அப்பாக்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

2010இல் மூன்று ஹாலிவுட் படங்கள் அடுத்தடுத்து வந்தன. அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. இருபது வருடம் முன்பு ஒருமுறை புற்றுநோயிலிருந்து மீண்டவர், இப்போது கணையத்தில். ‘கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்’ படத்தில் கடலில் மிதந்து வந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் மீனவர். வளர்ப்பு அப்பா. படத்தை மறந்துவிடலாம், அந்த முதல் பத்து நிமிடத்தைத் தவிர.

‘இன்செப்ஷன்’ படத்தில் சாகக் கிடக்கும் பெரும் பணக்காரர், கில்லியன் மர்ஃபியின் அப்பா. வேடம் என்று பார்த்தால் கட்டிலில் படுத்திருப்பதுதான். கனவுக்குள் மகன் வந்து பக்கத்தில் குனிகிறான். நான் உங்களைப் போல இல்லையே என்ற ஏமாற்றம்தானே உங்களுக்கு என்கிறான். இல்லை, என்னைப் போல இருக்க முயன்றாயே, அதுதான் ஏமாற்றம் என்கிறார் அப்பா. அவ்வளவு பெரிய செலவில் மூன்று அடுக்குக் கனவு கட்டியது இந்த ஒரு வரியை ஒருவன் நம்புவதற்காக. அதிலும் அந்த அப்பா நிஜ அப்பா கிடையாது. மற்றவர்கள் திட்டம் போட்டு, மகனின் மனமே உண்டாக்கிக்கொண்ட உருவம். கோபயாஷியைப் போல இவரும் கட்டிவிட்ட ஆள்தான். நமக்கு அது தெரியும், இருந்தும் நம்புகிறோம். மூச்சு வாங்கிக்கொண்டு பேசும் அந்தக் குரலை நம்பாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது, பென் அஃப்லெக் இயக்கி நடித்த ‘த டவுன்’. பாஸ்டன் நகரின் சார்ல்ஸ்டவுன் பகுதி. வங்கிக் கொள்ளையர்களுக்கு முதலாளியான ஃபெர்கி, வெளிப்பார்வைக்குப் பூக்கடைக்காரர். இனி என்னால் முடியாது என்று சொல்லவரும் அஃப்லெக்கிடம், ரோஜாத் தண்டுகளை நறுக்கிக்கொண்டே, உன் அப்பனை எப்படி அடக்கினேன் என்று சொல்கிறார். உன் அம்மாவுக்குப் போதைப் பழக்கம் ஏற்படுத்தியது நான்தான், அவள் தூக்கு மாட்டிக்கொண்டாள், உன் அப்பனுக்கு அதை உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்கிறார். ஜுசெப்பேயின் அதே ஐரிஷ் வாடை, அதே மெலிந்த தோள். உடம்பில் அப்போது நிஜமாகவே ஒன்றும் இல்லை. குரலை உயர்த்துவதில்லை, தண்டு நறுக்குவதையும் நிறுத்துவதில்லை. முழு உடற்கட்டோடு எதிரே நிற்கும் அஃப்லெக் ஐந்து வயதுப் பையனாகச் சுருங்கிப்போகிறார்.

2011 ஜனவரி 2ஆம் தேதி ஷ்ரூஸ்பரியில் பீட் இறந்தார். 64 வயது. ‘த டவுன்’ வேடத்துக்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதின் துணை நடிகர் பரிந்துரை அதற்குப் பிறகு வந்தது. விருது ‘த கிங்ஸ் ஸ்பீச்’ படத்துக்காக ஜெஃப்ரி ரஷ்ஷுக்குப் போனது. ‘கில்லிங் போனோ’ என்ற படமும், ‘எ ஸ்பெக்டகிள் ஆஃப் டஸ்ட்’ என்ற தன்வரலாறும் அந்த வருடமே வெளிவந்தன.

இவரை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டால் ‘பிராஸ்ட் ஆஃப்’ என்பேன், சப்டைட்டிலோடு. ஹேக்ஸ்வில்லை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ படத்தைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் போட வேண்டாம்.